செலிட்டார் ஹில்ஸில் ஒரு வாளி: புளிக்க வைத்த கோழித்தீவனம் ஏன் ஊசிப்போனது?

வீட்டில் கோழி வளர்ப்பவர்களிடம் தீவனத்தைப் புளிக்க வைத்துக் கொடுக்கும் பழக்கம் பரவி வருகிறது. தண்ணீரில் ஊறப்போட்டு மூன்று நான்கு நாள் மூடி வைத்தால் போதும், தீவனச் செலவு குறையும், முட்டை ஓடு கெட்டியாகும், மஞ்சள் கரு நிறம் ஏறும், எச்சம் நாறாது என்று வீடியோக்கள் அடித்துச் சொல்கின்றன. இதில் பாதி உண்மை. மீதிப் பாதி எந்தத் தீவனம், எந்தச் சூடு, எத்தனை நேரம் என்பதைப் பொறுத்தது. குளிர்நாட்டில் எடுத்த வீடியோ அதைச் சொல்வதில்லை.

இங்கே எழுதுவது, அப்படி ஒரு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்த சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பம் ஒன்றைப் பற்றி. அவர்களுக்கு மூன்று தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வாளி நாறியது. முட்டை ஓடு மெலிந்தது. கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்தன. மூன்றுக்கும் பழி புளித்த தீவனத்தின் மேல் விழுந்தது. கால்நடைத் தீவனத் தரச்சோதனையில் பல வருடம் வேலை பார்த்தவன் என்பதால், தெரிந்தவர் மூலம் என்னைக் கூப்பிட்டார்கள்.

வீடும் கோழிகளும்

செலிட்டார் ஹில்ஸ் பக்கம் ஒரு தொடர்வீடு. வீட்டுக்காரர் கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி, மனைவி கணக்காளர். வீட்டுக்காரரின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். பின்கட்டில் ஆறு பெட்டைக்கோழிகள், எல்லாம் பழுப்பு முட்டையிடும் கலப்பினம். சேவல் இல்லை, வைக்கவும் மாட்டார்கள். 2017ல் சின் மிங் வட்டாரத்தில் திரிந்த கோழிகளின் சத்தம் பற்றிப் புகார் வந்து, 24 கோழிகள் கொல்லப்பட்டு, அதற்கு எதிர்ப்புக் கிளம்பிய கதை கோழி வைத்திருக்கும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. இந்த ஊரில் கோழி வளர்ப்பு என்பது அக்கம்பக்கத்தாரின் பொறுமையை நம்பி நடக்கிற காரியம்.

விதிகள் சுருக்கமாக: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீட்டில், வியாபாரத்துக்கு அல்லாமல், பத்து வரை வைத்துக்கொள்ளலாம். காட்டுப் பறவைகள் உள்ளே வராதபடி கூடு வலை போட்டு மூடியிருக்க வேண்டும், பறவைக் காய்ச்சலுக்கு எதிரான முதல் தடுப்பு அதுதான். இந்த வீட்டில் வலை நன்றாகவே கட்டியிருந்தார்கள். மைனா நுழையாது. மலைப்பாம்பு நுழையுமா என்றால் அது வேறு பேச்சு. வடிகால் ஓரத்து வீடுகளில் இரவில் கூட்டுக்கதவை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும்.

புளிக்க வைக்கும் யோசனை எதற்கு வந்தது என்று மனைவியிடம் கேட்டேன். "வேஸ்ட் தாங்க முடியல அண்ணே. சோளத்த மட்டும் பொறுக்கித் தின்னுட்டு மாவ அப்படியே விட்டுடுதுங்க" என்றார். உண்மைதான். தூள் தீவனத்தில் கோழி பெரிய துண்டுகளைப் பொறுக்கும், அடியில் மாவு தங்கும். வைட்டமின், தாதுக்கள், சேர்த்த அமினோ அமிலங்கள் எல்லாம் அந்த மாவில்தான் இருக்கின்றன. ஈரமாக்கினால் மாவு துண்டுகளோடு ஒட்டிக்கொள்ளும், பொறுக்க முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே ஈரத்தீவனம் கொடுக்கலாம். புளிக்க வைப்பது அதற்கு அடுத்த படி.

அவர்கள் செய்த முறை இது. சமையல் எண்ணெய் வந்த பெரிய பிளாஸ்டிக் வாளி. அதில் முட்டைக்கோழித் தீவனமும் உடைத்த சோளமும், கூடவே காப்பிக் கடையில் சோயாப்பால் விற்பவர் இலவசமாகக் கொடுக்கும் சோயா சக்கையும். இவை மூழ்கும் அளவு குழாய்த் தண்ணீர், மேலே இரண்டு மூடி ஆப்பிள் வினிகர். நான்காம் நாளிலிருந்து எடுத்துக் கொடுப்பது. எடுத்த அளவுக்குப் புதுசு போடுவது. வாளி காலியாவதே இல்லை. வைத்த இடம் பின்பக்க ஈரச் சமையலறை, மத்தியான வெயில் படும் மூலை.

நாற்றம்

பக்கத்து வீட்டுச் சீன ஆண்ட்டி வேலியோரம் வந்து, வடிகால் ஏதாவது அடைத்துக்கொண்டதா என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். கோழி என்று அவர் சொல்லவே இல்லை. அதுதான் வீட்டுக்காரரை அதிகம் சங்கடப்படுத்தியது.

நான் மூடியைத் திறந்தபோது மேலே சாம்பல் கலந்த நுரை. கரண்டியால் கிளறினால் அடியிலிருந்து பெரிய குமிழிகள் மெதுவாக வந்து உடைந்தன. ஒவ்வொன்று உடையும்போதும் வாந்தி வாடை. சரியாகப் புளித்த தீவனம் இப்படி இருக்காது. மூக்கில் சுருக்கென்று மோர்ப் புளிப்பு ஏறும், பின்னால் கொஞ்சம் ஈஸ்ட் வாசம் இருந்தாலும் இருக்கும். அவ்வளவுதான். வாந்தி வாடை என்றால் பியூட்ரிக் அமிலம். காற்றில்லாத இடத்தில் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிகள் வேலை செய்கின்றன, புளிப்பை உண்டாக்கும் லாக்டிக் அமிலக் கிருமிகள் தோற்றுப்போயின என்று அர்த்தம்.

ஏன் தோற்றன? வீட்டுக்காரருக்குச் சந்தேகம் குழாய்த் தண்ணீர் மேல். பொதுப் பயனீட்டுக் கழகம் தண்ணீரில் குளோரமின் சேர்க்கிறது, அது கிருமியைக் கொன்றுவிடுகிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். குளோரமின் இருப்பது சரி. ஒரு இரவு திறந்து வைத்தால் குளோரின் போகிற மாதிரி அது போகாது என்பதும் சரி. ஆனால் குடிநீரில் இருக்கும் சொற்ப அளவு, தானியத்தில் இருக்கும் கோடிக்கணக்கான கிருமிகள் முன்னால் நிற்காது. அதே குழாய்த் தண்ணீரில் அரைத்த இட்லி மாவு அதே சமையலறையில் ஒரே இரவில் பொங்கி வழிகிறதே! தண்ணீர் குற்றவாளி இல்லை.

புளிப்பை அளக்கும் பிஎச் பட்டையை நனைத்துப் பார்த்தேன், எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. பாதுகாப்பாகப் புளித்தது என்று சொல்ல 4.5க்குக் கீழே வர வேண்டும். அங்கே போனால்தான் சால்மொனெல்லா, ஈ.கோலை போன்றவை அடங்கும். இந்த வாளி நாள் கணக்காக ஊறியும் அங்கே இறங்கவில்லை. காரணம் தீவன மூட்டையின் சீட்டிலேயே அச்சாகியிருந்தது: கால்சியம் 4 சதவீதம்.

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீடியோக்களில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான். முட்டைக்கோழித் தீவனத்தில் கால்சியம் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல் தூளாகச் சேர்க்கப்படுகிறது. ஒரு கிலோ தீவனத்தில் 40 கிராம் கால்சியம் என்றால் சுமார் 100 கிராம் சுண்ணாம்புக்கல். சுண்ணாம்புக்கல் அமிலத்தைக் கண்டால் அதைச் சமன்செய்து கார்பன் டை ஆக்சைடை விடும். கணக்குப் போட்டால், அந்த 100 கிராம் ஏறக்குறைய 180 கிராம் லாக்டிக் அமிலத்தைத் தின்று தீர்க்கும். ஒரு கிலோ தீவனம் நன்றாகப் புளித்தாலும் 50 கிராம் லாக்டிக் அமிலம் உருவானால் பெரிது. கிருமிகள் உண்டாக்குகிற அமிலத்தைச் சுண்ணாம்பு அவ்வப்போது விழுங்கிக்கொண்டே இருக்கும், பிஎச் இறங்காது. கல் பெரிய குறுணையாக இருந்தால் மெதுவாகத்தான் கரையும், அதனால் தொல்லை குறைவு. இவர்கள் வாங்கிய தீவனத்தில் அது மாவாக இருந்தது. வினிகர் இரண்டு மூடி ஊற்றியதெல்லாம் போன இடம் தெரியாது.

வீட்டுக்காரருக்கு இதை வாயால் சொன்னதை விடக் காட்டியது சுலபமாக இருந்தது. ஒரு கண்ணாடிக் குவளையில் ஒரு கரண்டி தீவன மாவு, அதன் மேல் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு. சுர்ரென்று நுரைத்தது. இன்னொன்றில் உடைத்த சோளம், அதே சாறு. அசையவில்லை.

இரண்டாவது காரணம் சூடும் நேரமும். மூன்று நான்கு நாள் என்பது வீட்டுக்குள் 15, 18 டிகிரி இருக்கும் ஊர்களின் கணக்கு. இங்கே பகலில் 31, 32 டிகிரி, இரவிலும் 23க்குக் கீழே அரிதாகத்தான் போகிறது. தானியம் ஒரு நாளில் புளித்துவிடும். அதற்கு மேல் போனால் ஈஸ்ட் மேலோங்கி மாவுச்சத்தைச் சாராயமாகவும் காற்றாகவும் மாற்றும், அது கோழிக்குப் போக வேண்டிய சத்து. வீட்டுக்காரரின் அம்மா இதை வேறு விதமாகச் சொன்னார். "எங்க ஊருல தவுட்டக் கஞ்சித்தண்ணியில ராத்திரி ஊறவச்சா விடிஞ்சதும் கோழிக்கு. நாலு நாளு எவ வச்சிருந்தா?"

மூன்றாவது, சோயா சக்கை. அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், மிச்சத்தில் புரதம் நிறைய. காலையில் வாங்கி மத்தியானம் வரை சமையல் மேடையில் கிடந்தாலே கெட ஆரம்பிக்கும். புளிப்பு ஏறாத வாளியில் புரதம் நிறைந்த பொருளைப் போடுவது கிளாஸ்ட்ரிடியத்துக்கு விருந்து வைப்பதுதான். வாளியைக் காலி செய்யாமல் மேலே மேலே போட்டதில் பழைய கோளாறு ஒவ்வொரு முறையும் புதுத் தீவனத்துக்குத் தொற்றியது.

ஓடு மெலிந்த முட்டை

கூட்டில் கிடந்த ஒரு முட்டையை மனைவி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். விரல் பட்ட இடம் பள்ளமானது, உடையவில்லை. தோல் மட்டும் இருந்தது, ஓடு பேருக்குக்கூட இல்லை. மற்றவை உடையாமல் வந்தாலும் சொரசொரவென்று, நுனியில் மெல்லியதாக இருந்தன.

புளிப்பு கால்சியத்தைக் கரைத்துவிட்டது, அதனால் ஓடு போய்விட்டது என்பது குடும்பத்தின் முடிவு. கேட்கப் பொருத்தமாக இருக்கிறது, ஆனால் தப்பு. கரைந்த கால்சியம் எங்கும் போகவில்லை, அதே தீவனத்தில் கால்சியம் லாக்டேட்டாக இருக்கிறது, கோழி அதையும் உறிஞ்சிக்கொள்ளும். உண்மைக் காரணம் கலவையில் இருந்தது. உலர்ந்த எடையில் பார்த்தால் தீவனம் பாதி, சோளமும் சக்கையும் பாதி. 4 சதவீதக் கால்சியம் 2 ஆகிவிட்டது. முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் தீவனம் சாப்பிடும், அதில் அதற்குச் சுமார் 4 கிராம் கால்சியம் வேண்டும். இங்கே கிடைத்தது ஏறக்குறைய பாதி. ஒரு முட்டை ஓட்டில் மட்டும் 2 கிராம் கால்சியம் போகிறது, சாப்பிட்டது முழுவதும் உடம்பில் சேராது. பற்றாக்குறையைக் கோழி தன் எலும்பிலிருந்து கொஞ்ச நாள் எடுத்துக் கொடுக்கும், அப்புறம் அதுவும் தீரும்.

இதற்கு மேல் இந்த ஊர்ச் சூடு. வாயைத் திறந்து இரைக்கும் கோழி மூச்சு வழியே கார்பன் டை ஆக்சைடை அதிகம் இழக்கிறது. ஓட்டுக்குத் தேவையான கார்பனேட் ரத்தத்தில் குறைகிறது. தீவனம் சரியாக இருந்தாலும் வெயில் காலத்தில் ஓடு கொஞ்சம் மெலியும். அந்தக் கூட்டின் மேற்குப் பக்கம் தகரம், நிழல் இல்லை. மத்தியானம் கோழிகள் இறக்கையை விரித்துக்கொண்டு இரைத்ததை நானே பார்த்தேன்.

எச்சம் தண்ணீராகப் போவதாகவும் சொன்னார்கள். ஈரத்தீவனம், வெயில், அதிகத் தண்ணீர் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் ரத்தக் கழிச்சல் என்கிற ஒட்டுண்ணி நோய் இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது. இந்த ஈரப்பதத்தில் அது சுலபமாக வரும். கால்நடை மருத்துவரிடம் எச்சம் கொடுத்துப் பார்த்தார்கள், ஒட்டுண்ணி இல்லை. பிறகு விசாரித்ததில் பெரியவர், அதாவது வீட்டுக்காரரின் அம்மா, மிச்சம் விழுந்த சாம்பார் சாதத்தை வாளியில் கொட்டிக்கொண்டிருந்தது தெரிய வந்தது. உப்பு! உப்பு கூடினால் கோழி தண்ணீரை மொண்டு குடிக்கும், எச்சம் ஓடும். நேரக்கணக்கில் பெரியவர் சொன்னது சரி, சாம்பாரைப் போடக்கூடாது என்று மருமகள் சொன்னது சரி. இருவர் முன்னாலும் இதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

கொத்தல்

இதுதான் எனக்குச் சுவாரசியமாக இருந்தது. ஆறில் ஒன்று முதுகில் இறகு போய்ச் சிவந்திருந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் முட்டைக்கோழிகளுக்குப் புளித்த தீவனம் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009ல் வெளியானது. கோழிகள் குறைவாகச் சாப்பிட்டும் தீவனம் முட்டையாக மாறும் விகிதம் மேம்பட்டது, ஓடு உறுதியானது. இணையத்தில் இதைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் கோழிகளின் இறகு நிலை மோசமானதும், ஆக்ரோஷம் கூடியதும் பதிவாகியிருக்கின்றன. அதை யாரும் சொல்வதில்லை.

ஏன் என்பதற்கு என் விளக்கம் இது. உலர்ந்த மாவைக் கொத்தித் தின்னக் கோழிக்கு நாளில் பல மணி நேரம் பிடிக்கும். ஈரக் கலவையைப் பத்து இருபது நிமிடத்தில் முடித்துவிடும். மீதி நேரம் அலகுக்கு வேலை இல்லை, பக்கத்தில் இருப்பது இன்னொரு கோழியின் முதுகு. தூள் தீவனத்துக்குப் பதில் குருணைத் தீவனம் கொடுத்தால் கொத்தல் கூடுவது பண்ணைகளில் தெரிந்த விஷயம், அதுவும் இதே கணக்குத்தான். இந்த வீட்டில் ஒரே தட்டில் வைத்தார்கள். முதல் இரண்டு கோழிகள் முட்டி மோதித் தின்ற பிறகுதான் மற்றதற்கு வழி. கொத்து வாங்கியது வரிசையில் கடைசியாக நின்ற கோழி.

மாற்றியது

வாளியைக் காலி செய்து, சோப்புப் போட்டுக் கழுவி, வெயிலில் காய வைத்தார்கள். எண்ணெய் வாளிக்குப் பதில் மூடி போட்ட இரண்டு சின்ன உணவுத்தர டப்பாக்கள், ஒன்று ஊறும்போது மற்றது தீரும். இடம் நிழலான பக்கம்.

புளிக்க வைப்பதற்கு முட்டைக்கோழித் தீவனத்தை விட்டுவிட்டு வளர்கோழித் தீவனத்துக்கு மாறினார்கள். அதில் புரதம் ஏறக்குறைய அதே அளவு இருக்கும், கால்சியம் சுமார் 1 சதவீதம்தான், சுண்ணாம்பு குறைவு என்பதால் பிஎச் இறங்கும். கால்சியத்துக்கு உடைத்த சிப்பி ஓடு தனிக் கிண்ணத்தில், எப்போதும். வேண்டியதைக் கோழி தானே எடுத்துக்கொள்ளும், அதுவும் சாயங்காலம் அதிகமாக. ஓடு உருவாக இருபது மணி நேரம் போல ஆகிறது, பெரும்பகுதி இரவில். சாயங்காலம் தின்ற கரடுமுரடான சிப்பித் துண்டு அரைவைப்பையில் தங்கி, இரவு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உதவும். இந்த வீட்டுக் கோழிகள் ஐந்து மணிக்கு மேல் கிண்ணத்தைச் சுற்றி நிற்பதைப் பெரியவர் முதலில் கவனித்தார்.

சோயா சக்கை நிறுத்தம். சோளம் ஒரு கைப்பிடி, அதற்கு மேல் இல்லை. சமையல் மிச்சம் வாளிக்குப் போகவே கூடாது.

நேரம்: சாயங்காலம் ஊறப்போட்டு மறுநாள் சாயங்காலம் கொடுப்பது, அதாவது ஒரு நாள். தீவனத்துக்கு மேல் ஒரு விரல் அளவு தண்ணீர் நிற்க வேண்டும், தீவனம் ஊதிய பிறகும். முந்தைய டப்பாவின் புளித்த தண்ணீர் அரைக் கப் எடுத்து உறை ஊற்றுவது. இந்த உறை முக்கியம். முதல் சில மணி நேரம், புளிப்பு ஏறும் முன், ஈ.கோலை போன்றவை பெருகும். தீவனத்தில் தனியாகச் சேர்க்கிற லைசின் என்ற அமினோ அமிலத்தை அந்த இடைவெளியில் அவை சிதைத்துவிடும் என்பது பன்றித் தீவன ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்தது. உறை ஊற்றினால் அந்த இடைவெளி சுருங்கும். உறைக்கு எடுக்கும் தண்ணீர் மோர் வாடையில் இருந்தால் மட்டுமே. வேறு வாடை வந்தால் கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டும்.

மேலே வெள்ளையாக மெல்லிய ஆடை படிந்தால் அது ஈஸ்ட், எடுத்துப் போட்டால் போதும். பச்சை, கறுப்பு, பஞ்சு மாதிரி எது வந்தாலும் டப்பா முழுவதும் குப்பைக்கு. அதைவிட முக்கியம் மூட்டையை வைக்கும் இடம். திறந்த மூட்டை இந்த ஈரக்காற்றில் கிடந்தால் உலர்ந்த தீவனத்திலேயே பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் விட்ட அஃப்லாடாக்சின் நஞ்சு புளிக்க வைத்தால் போய்விடும் என்று நம்பக்கூடாது. கெட்ட தீவனத்தைக் காப்பாற்றும் வழி புளிக்க வைப்பது இல்லை. இவர்கள் பெரிய மூட்டைக்குப் பதில் சின்னதாக வாங்கி, இறுக மூடும் பெட்டியில் வைக்கிறார்கள். கிலோவுக்குச் சில காசு கூடத்தான் ஆகிறது.

டப்பாவின் மூடியை இறுக்குவதில்லை, காற்று வெளியேற வேண்டும். மூடாமலும் விடுவதில்லை. ஈ வரும், எலி வரும். தேங்கிய தண்ணீரைத் திறந்து வைக்கும் பழக்கம் ஒரு வீட்டில் வந்துவிட்டால் அடுத்த வாளியில் கொசுப்புழுதான். தேசியச் சுற்றுப்புற வாரிய அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது கோழிக்கூட்டுப் பக்கம் டார்ச் அடித்துப் பார்க்காமல் போவதில்லை.

கொடுப்பது இரண்டு தட்டில், தள்ளித் தள்ளி, அரை மணி நேரத்தில் தீருகிற அளவு. தட்டை உடனே கழுவ வேண்டும். பகல் முழுக்க உலர்ந்த முட்டைக்கோழித் தீவனமும் இருக்கும், அலகுக்கு வேலை கொடுக்க. கூட்டின் கம்பியில் கங்குங் கீரைக் கட்டு ஒன்றைத் தலைகீழாகத் தொங்க விட்டார்கள், அதைக் கொத்திக்கொண்டே மத்தியானம் போய்விடுகிறது. மேற்குப் பக்கம் நிழல் வலை போட்டாயிற்று.

என்ன ஆயிற்று

நாற்றம் அந்த வாரமே நின்றது. அடுத்த முறை பட்டையை நனைத்தபோது பிஎச் நாலு சொச்சம். ஓடு இரண்டு மூன்று வாரத்தில் கெட்டிப்பட்டது. அதற்குப் புகழ் சிப்பிக்கும் நிழல் வலைக்கும்தான், புளிப்புக்கு இல்லை. மஞ்சள் கரு நிறம் கூடியதாக வீட்டுக்காரர் மகிழ்ந்தார், அது கங்குங் செய்த வேலை. கரு நிறம் கீரையிலும் சோளத்திலும் இருக்கும் நிறமிகளிலிருந்து வருகிறது.

முட்டை எண்ணிக்கையில் மாற்றம் தெரியவில்லை. மனைவி எல்லாவற்றையும் நோட்டில் எழுதுபவர், தீவனம் முன்பைவிட மெதுவாகத் தீர்வதை அவர் கணக்கு காட்டுகிறது. எவ்வளவு என்று சதவீதம் சொல்ல நான் தயாரில்லை. நடுவில் வடகிழக்குப் பருவமழை வந்து குளிர்ந்தது, ஒரு கோழி இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தியது, ஆறு கோழியை வைத்து இதற்கு மேல் பேச முடியாது. என் கணிப்பில் மிச்சமானதில் பெரும்பகுதி மாவு வீணாகாமல் போனதால் வந்தது. வெறும் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துக் கொடுத்திருந்தாலும் அதில் நிறைய கிடைத்திருக்கும். புளிப்பினால் வரும் உண்மையான ஆதாயங்கள், தானியத்தின் ஃபைடேட் என்ற சேர்மத்தில் கட்டுண்ட பாஸ்பரஸ் விடுபடுவது, தீவனப்பையிலும் அரைவைப்பையிலும் அமிலம் கூடிக் கெட்ட கிருமி தங்காமல் இருப்பது, இவை நோட்டில் தெரியாது. வெயிலில் சாப்பாட்டை ஒதுக்கிய கோழிகள் ஈரத்தீவனத்தை மட்டும் ஓடி வந்து தின்பது கண்ணுக்குத் தெரிகிறது, அதுவே இந்த ஊரில் சின்ன விஷயம் இல்லை.

இறகு போன கோழிக்குப் புது இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது. கொத்தல் குறைந்தது, நிற்கவில்லை. கூட்டத்தில் மூத்தது இன்னும் முதல் தட்டை விட்டுக்கொடுப்பதில்லை, அதனால் மூன்றாவது தட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன். அடுத்ததாக இரண்டு இளம் பெட்டைகள் வாங்கும் யோசனை இருக்கிறது. அவற்றுக்கு முதல் சில வாரம் உலர்ந்த தீவனம்தான். டென்மார்க் ஆய்விலும் இளங்கோழிகள் புளித்த தீவனத்துக்குப் பழகும்வரை எடை கூடாமல் பின்தங்கின. கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கச் சொன்னேன். மூத்ததை என்ன செய்வது என்று கேட்டார்கள். பெரியவர் ஒரு யோசனை சொன்னார், குழம்பு சம்பந்தப்பட்டது. மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை.